லேப் சுவரில் தொங்கிய படம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் வழக்கம்போல, "ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி எழுதித் தர்றேன்" என்றேன். "அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க. நீ ஏதாவது சரித்திரமா எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரமெல்லாம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் மணிமங்கலத்தில் பல்லவனும் சாளுக்கியனும் மோதிக்கொண்டதும், அதே ஊரில் நாம் சீனியர்களிடம் கிரிக்கெட்டில் தோற்றதும்தான். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷம் தினமும் கண்ணில் பட்டும் நாம் யாரும் படிக்காமல் விட்ட ஒரு சரித்திரம் நம் கல்லூரியிலேயே இருந்தது. அது ஒரு படம்.

மின்னியல் துறைக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மெஷின்ஸ் லேபுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், மெயின் சுவிட்சுக்கு மேலே, கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படம். "மின் அதிர்ச்சி ஏற்பட்டால் செய்ய வேண்டிய முதலுதவி" என்று தலைப்பு. ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் அவர்மேல் மண்டியிட்டு, முதுகில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். நாங்கள் அதற்கு "மசாஜ் படம்" என்று பெயர் வைத்திருந்தோம். வைவாவில் ஒரே ஒரு முறை வெளியிலிருந்து வந்த பரிசோதகர் அதைக் காட்டிக் கேள்வி கேட்டார். பதில் தெரியாமல் முழித்தவன் அடியேன்தான்.

2010-இல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போனேன். ஒரகடம் பக்கம் அப்போது தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நம்மில் பாதிப் பேர் அங்கேதான் போய்ச் சேர்ந்தோம். நானும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். (பெயர் வேண்டாம். இன்றும் அங்கே நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.)

2013-இல் ஒரு நைட் ஷிப்ட். மணி இரண்டு இருக்கும். பேனல் ரூமிலிருந்து ஒரு சத்தம். ஓடினால், எங்கள் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் கீழே கிடக்கிறார். செய்யாறு பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரோ என்னை விடாமல் சார் என்பார். ஐசோலேட்டரை இறக்கினேன். அதுவரை நான் படித்த படிப்பு சரியாக வேலை செய்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது? மூச்சு இல்லை. சுற்றி எட்டுப் பேர். ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் நான்தான் அங்கே இன்ஜினியர்.

எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. பேனல் ரூம் சுவரிலும் அதே படம் மாட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். அண்ணனைக் குப்புறப் புரட்டி, படத்தில் இருந்ததைப் போலவே மண்டியிட்டு, முதுகை அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. 108 வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய பையனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். வந்த வேகத்தில் அவரைத் திருப்பி மல்லாக்கப் போட்டு, சட்டையைக் கிழித்து, நெஞ்சின் நடுவில் அழுத்த ஆரம்பித்தான். அழுத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்: "குப்புற யாரு சார் படுக்க வெச்சது?"

அண்ணன் பிழைக்கவில்லை. "நீங்க மாத்திச் செஞ்சதாலதான் போயிட்டாருன்னு சொல்ல முடியாது தம்பி. சரியாச் செஞ்சிருந்தாலும் பிழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது" என்றார் மருத்துவமனையில் இருந்த டாக்டர் அம்மா. அவர் ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நான் பல மாதம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அந்தப் படத்தின் ஊர், பெயர், பிறந்த வருஷம் எல்லாவற்றையும் தேட ஆரம்பித்தேன். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் பெயர் ஷேஃபர் முறை. எடின்பரோவில் உடலியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஷேஃபர் 1903-இல் சொன்னது. முக்கியமாக, தண்ணீரில் மூழ்கியவர்களுக்காக. குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தினால் காற்று வெளியே போகும், விட்டால் உள்ளே வரும், கூடவே தண்ணீரும் வடியும் என்பது கணக்கு. பிறகு 1932-இல் டென்மார்க் ராணுவ அதிகாரி ஹோல்கர் நீல்சன் அதில் கைகளைத் தூக்கி இறக்குவதைச் சேர்த்தார். ஐம்பது வருஷம் உலகம் முழுக்க இவைதான் பாடம். யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் காலத்துக்கு அதுதான் தெரிந்தது.

இந்த முறைகளை அளந்து பார்த்தவர் பீட்டர் சஃபார் என்ற மயக்க மருந்து நிபுணர். 1950-களின் பிற்பகுதி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். அவர் செய்த சோதனையைக் கேட்டால் இன்று நமக்குக் கை நடுங்கும். டாக்டர்கள், நர்ஸ்கள், மருத்துவ மாணவர்கள் என்று தானாக முன்வந்தவர்களுக்கு ஊசி போட்டு, மூச்சுத் தசைகளைக் கொஞ்ச நேரம் செயலிழக்க வைத்தார். அவர்களுக்குச் சாதாரண மனிதர்களை விட்டுச் செயற்கைச் சுவாசம் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையிலும் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அளந்தார். முதுகை அழுத்தும் முறைகளில் பல நேரம் நுரையீரலுக்குப் போதுமான காற்றே போகவில்லை! நாக்கும் தொண்டையும் வழியை அடைத்துக்கொள்கின்றன. தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினால் போதுமான காற்று போகிறது. இந்த முடிவுகள் 1958-இல் வெளிவந்தன. ஷேஃபர் முறையின் ஆயுள் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

இனி வருகிற ஆளை நம் மின்னியல் துறை வாசலில் சிலை வைத்துக் கும்பிடலாம் என்பது என் கட்சி. வில்லியம் கௌவன்ஹோவன், மின் பொறியாளர். டாக்டர் அல்ல, நம்மைப் போல ஓமும் ஃபாரடேயும் படித்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் டீன். 1920-களில் அமெரிக்காவில் மின்சாரம் வீடு வீடாகப் போகப் போக, கம்பத்தில் ஏறும் லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவதும் கூடியது. மின் நிறுவனங்களே பணம் கொடுத்து, இது ஏன் என்று ஆராயச் சொன்னன. அப்போது அந்த வேலையில் இறங்கிய கௌவன்ஹோவன் அடுத்த முப்பது வருஷம் அதை விடவில்லை. மின்சாரம் இதயத்தை நிறுத்துவதைவிட, அதை ஒழுங்கில்லாமல் துடிதுடிக்க வைத்துவிடுகிறது என்பதும், அளவான இன்னொரு ஷாக் கொடுத்தால் அந்தத் துடிப்பு அடங்கி இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பலாம் என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயின. இப்போது விமான நிலையங்களில் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டிக்குப் பாட்டன் இதுதான்.

அடுத்தது தற்செயல். 1958-இல் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் கை நிக்கர்பாக்கர். இவரும் மின்னியல்தான். நாய்களை வைத்துச் சோதனை செய்தபோது, கனமான மின்முனைகளை நெஞ்சின் மேல் அழுத்தி வைத்தாலே, ஷாக் கொடுப்பதற்கு முன்பாகவே, ரத்த அழுத்தமானி கொஞ்சம் மேலே ஏறுவதைக் கவனித்தார். நம்மில் எத்தனை பேர் மீட்டர் முள் காரணமில்லாமல் அசைந்தால் "லூஸ் கான்டாக்ட்" என்று விட்டிருப்போம்! அவர் விடவில்லை. வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தினால் உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று புரிந்தது. ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்துகொண்டார். மூவரும் 1960 ஜூலையில் கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகள், அதில் 14 பேர் பிழைத்தார்கள். அதுவரை நின்றுபோன இதயத்தை மீண்டும் ஓடவைக்க நெஞ்சைக் கத்தியால் பிளந்து, கையை உள்ளே விட்டுப் பிசைவார்கள். இவர்கள் இரண்டு கைகள் இருந்தால் போதும், யாரும் எங்கும் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். 1969-இல் அந்தப் பல்கலைக்கழகம் இந்த இன்ஜினியருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நாம் வாங்கும் முனைவர் பட்டமல்ல, மருத்துவப் பட்டம்!

ஆக, லைன்மேன்களுக்காக மின்னியல்காரர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது 1960-இல் வந்துவிட்டது. 2013-இல் ஒரு மின்னியல்காரன், ஒரு எலக்ட்ரீஷியனுக்கு, 1903-ஆம் வருஷத்து முறையைச் செய்துகொண்டிருந்தான். நடுவில் ஐம்பத்து மூன்று வருஷம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யார் மேலும் பழி போட எனக்கு விருப்பமில்லை. இந்திய மின்சார விதிகள், 1956, 44-ஆம் விதிப்படி, மின் அதிர்ச்சிக்கான முதலுதவிக் குறிப்பை மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி, உள்ளூர் மொழியிலும் மாட்டியே ஆக வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. அதனால் படம் அச்சடித்து விற்கும் கடைகள் இருந்தன, வாங்கி மாட்டும் ஸ்டோர் கீப்பர்கள் இருந்தார்கள், மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வாளர்கள் இருந்தார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விதியிலேயே, பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குறிப்பை அறிந்திருந்தால் மட்டும் போதாது, செய்யும் திறமையும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படத்தை ஆணி அடித்து மாட்டலாம். திறமையை எப்படி மாட்டுவது?

அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதில் ஒரு பொம்மைக்காரர் வருகிறார். நார்வே நாட்டு ஆஸ்முண்ட் லேர்டால் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் பொம்மை செய்து விற்றவர். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனைத் தானே தூக்கிக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. சஃபாரின் புதிய முறையைக் கற்றுக்கொடுக்க ஆள் அளவில் ஒரு பொம்மை வேண்டும் என்று மயக்க மருந்து நிபுணர்கள் கேட்டபோது, 1960-இல் செய்து கொடுத்தார். பெயர் ஆன். நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங். சரியான ஆழத்துக்கு அழுத்தினால்தான் அது இறங்கும். பாரீஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான பேர் முதலுதவி கற்றுக்கொண்டது அந்த முகத்திடம்தான். பொம்மை வந்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சி எடுத்த சில மாதங்களிலேயே கை மறக்கத் தொடங்கிவிடுகிறது. மூளைக்குப் பாடம் ஞாபகம் இருக்கும், கைக்கு இருக்காது. சைக்கிள் போல அல்ல இது. வயலின் போல.

சரி, நம்மூருக்கு வருவோம்.

மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நம்மில் சிலராவது பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழனுடையது. முழுக்க முழுக்க யுத்த வெற்றிப் பட்டியல். அதே ராஜாவின் இன்னொரு கல்வெட்டு, நம் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் நேரே போய் வாலாஜாபாத்தைத் தாண்டினால், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் திருமுக்கூடலில் இருக்கிறது. அதிலே ஒரு மருத்துவமனை! "வீரசோழன்" என்று பெயர், ஆதுலசாலை என்கிறது கல்வெட்டு. 15 படுக்கை. ஒரு வைத்தியர், கத்தி வைத்துச் சிகிச்சை செய்யும் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். என்னென்ன மருந்து இருப்பு இருக்க வேண்டும் என்பது முதல், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனை யாருக்காக? அங்கே இருந்த கல்லூரியின் மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும். ஆமாம், ஹாஸ்டல் மாணவர்களுக்கு! இந்தக் கல்வெட்டைப் பார்க்கும்போதெல்லாம், நம் ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தால் வார்டன் கொடுக்கும் ஒரே மாத்திரைதான் ஞாபகம் வரும்.

படுக்கை, மருந்து, ஆள், விளக்கு எல்லாம் அன்றே இருந்தன. அடிபட்டவன் அந்தப் படுக்கைக்கு எப்படி வந்து சேர்வான் என்பது மட்டும் யார் பொறுப்பும் இல்லை. இது ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் தீராத பிரச்சினையாக இருந்ததற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. 1988-இல் பத்திரிகையில் ஒரு செய்தி. ஸ்கூட்டரில் போனவரைக் கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. வழியில் வந்த ஒருவர் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போனால், இது போலீஸ் கேஸ், அதற்கென்று அனுமதி உள்ள மருத்துவமனைக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். அது 20 கிலோமீட்டர் தள்ளி. போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா தொடர்ந்த வழக்கில் 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்கெல்லாம் பிறகு. அரசு மருத்துவர் என்றாலும் தனியார் என்றாலும் இது கடமை. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்பது முழு உருவம் பெற 2016 மார்ச் 30 வரை ஆனது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அது 134ஏ என்ற பிரிவாக ஏறியது 2019-இல். இதை இன்னும் நம் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. "எதுக்கு வம்பு, கேஸுன்னு இழுப்பாங்க" என்று படப்பை கூட்ரோட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களிடம் நானே சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன்.

டாக்டர்களுக்குள்ளேயும் ஒரு பிரச்சினை இருந்தது. நாங்கள் கல்லூரியில் சேர்ந்த காலத்தில்கூட, பெரும்பாலான மருத்துவமனைகளில் "கேஷுவாலிட்டி" என்றால் இருப்பதிலேயே ஜூனியரை உட்கார வைக்கும் இடம். அவசரத்துக்கென்றே படித்தவர் என்று ஒருவர் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் 1990-களில் அதைத் தனித் துறையாக நடத்தத் தொடங்கினார்கள். நமக்குப் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவும் இதில் முன்னோடிகளில் ஒன்று. ஆனால் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஒப்புக்கொண்டது 2009 ஜூலையில்தான். யோசித்துப் பாருங்கள், நம் பேட்ச் மூன்றாம் வருஷத் தேர்வை முடித்துக்கொண்ட சமயம். அதற்கு முந்தைய வருஷம், 2008 செப்டம்பர் 15 அன்றுதான் தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்திருந்தது. வண்டிக்குள் ஓட்டுநர் (அவரை அவர்கள் பைலட் என்பார்கள்) தவிர, பயிற்சி பெற்ற ஒரு உதவியாளர் இருப்பார் என்பதே நமக்கெல்லாம் புதுச் செய்தியாக இருந்தது. அதுவரை ஆம்புலன்ஸ் என்றால் பெட்ரோமாக்ஸ் லைட் போலத் தலையில் சுழலும் விளக்கு வைத்த வேன், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு டாக்டர்கள் வெளிநாட்டுப் பாடத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு ஆராய்ச்சிகளை மட்டும் சொல்கிறேன். இரண்டும் ஒரு இன்ஜினியர் ரசிக்கும்படி இருக்கும்.

முதலாவது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலும் சதையும் கிழிந்து வருகிறவர்களை நம் சாலைகளில் எத்தனை பார்க்கிறோம்! காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா என்று அந்த ராத்திரியே முடிவு செய்ய வேண்டும். முயன்று தோற்றால் மாதக்கணக்கில் அறுவை மேல் அறுவை, கடன் மேல் கடன், கடைசியில் காலும் போகும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால், பிழைத்திருக்கக்கூடிய காலை வெட்டிய பாவம். 1976-இல் வந்த கஸ்டிலோவின் வகைப்பாடு மிகவும் அகலமானது. ஒரே வகைக்குள் லேசானதும் வரும், மோசமானதும் வரும். 1990-இல் வந்த இன்னொரு மதிப்பெண் முறை, ரத்தக்குழாய் அறுந்த கால்களை மனதில் வைத்துச் செய்தது. டாக்டர் எஸ். ராஜசேகரனும் சகாக்களும் தோல், எலும்பு, தசை – நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். சர்க்கரை நோய், தாமதமாக வந்து சேர்ந்தது போன்ற ஒவ்வொரு சிக்கலுக்கும் கூடுதலாக 2. 109 கால்களில் சரிபார்த்து 2006-இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காப்பாற்ற முயலலாம்; 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுத்துவிடுவது நல்லது; 15, 16 இரண்டும் நடுவாந்திரம், அனுபவமுள்ள டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நடுவாந்திரம்தான். தன் அளவுகோல் எங்கே அளக்காது என்பதையும் அளவுகோலிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். நம் லேப் ரெக்கார்டில் யாராவது "இந்த ரீடிங் சந்தேகம்" என்று எழுதியதுண்டா? எல்லாம் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிய ரீடிங்தானே!

இரண்டாவது மாரடைப்பு. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்தியது. ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட மாரடைப்பில் அடைப்பைக் குழாய் விட்டுத் திறக்கும் வசதி பெரிய ஊர்களில்தான் உண்டு. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். நம் பாஷையில் சொன்னால், பெரிய சப்ஸ்டேஷன் ஒன்று, அதிலிருந்து பிரியும் ஃபீடர்கள் பல. இவர்கள் நான்கு பெரிய வட்டங்களாகப் பிரித்து, சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் 108 வண்டிகளோடும் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தோடும் இணைத்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. இருப்பதை ஒழுங்காக வயரிங் செய்தார்கள், அவ்வளவுதான். இணைப்பதற்கு முன் 898 நோயாளிகள், பின் 1,522 பேர் என்று மொத்தம் 2,420 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாக உயர்ந்தது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். ஆனால் மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்கள் 5.8, 5.6, அதாவது மாற்றமே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம் கம்பெனி மீட்டிங்குகளில் ஸ்லைடு போடுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

இவற்றின் தொடர்ச்சியாகத்தான் அரசு மருத்துவமனைகளில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்பது. ஆரம்பத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, பிறகு அதை உயர்த்தினார்கள். பர்ஸில் காசில்லை என்று யாரும் வாசலில் நிற்க வேண்டாம். வண்டி வந்துவிட்டது, டாக்டர் வந்துவிட்டார், பணமும் வந்துவிட்டது.

வண்டி வருவதற்கு முன்னால்? இதயம் நின்றுபோனால், யாரும் எதுவும் செய்யாத ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஒரகடம் சாலையில் சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில், கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில், எந்த வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிமிஷங்களில் அங்கே நிற்பது நம் ஆட்கள்தான்: சூப்பர்வைசர், டிரெய்னி, கேன்டீன் அக்கா, செக்யூரிட்டி அண்ணன்.

அவர்களுக்காகவே 2017-இல் நம் நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் ஒரு எளிய முறையை வெளியிட்டது. சாதாரண மக்களுக்கு ஊதுவதெல்லாம் வேண்டாம், நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதும் என்று சுருக்கிவிட்டார்கள். வாயோடு வாய் வைக்கத் தயங்கியே பலர் கையையும் எடுத்துவிடுகிறார்கள் என்பது அனுபவம். ஆள் கூப்பிட்டால் அசையவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கையை மடக்காமல், நிமிஷத்துக்கு 120 தடவை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. ஷாக் அடித்தவர் என்றால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதைத் தொடாமல் ஆளைத் தொட்டால் படுக்க இன்னொரு ஆள் சேர்வான்.

இதை நான் எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள். நானும் அந்தப் படத்தை நாலு வருஷம் பார்த்தவன்தான். அதனால் எங்கள் பேட்ச் சார்பில் பணம் போட்டு இரண்டு பொம்மைகள் வாங்கியிருக்கிறோம். போன மாதம் மெஷின்ஸ் லேபில் ஒத்திகை பார்த்தோம். ஆறு இன்ஜினியர்கள் அழுத்திப் பார்த்தோம். ஒருத்தருக்கும் முதல் தடவை ஆழம் சரியாக வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. (தொப்பையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) கடைசியில் நம் லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து, "தள்ளுங்கப்பா, டிராக்டர் டயருக்குக் காத்து அடிச்ச கை இது" என்று மண்டியிட்டார். பொம்மையின் பச்சை விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை.

பழைய படத்தைக் கழற்றியாகிவிட்டது. புதிய குறிப்பு தமிழில் பெரிய எழுத்தில் மாட்டியிருக்கிறோம், கீழே வருஷமும் போட்டிருக்கிறோம். அடுத்து யாராவது மாற்ற வேண்டி வந்தால் எத்தனை வருஷமாயிற்று என்று தெரியட்டும். பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கண்ணாடியோடு பொம்மைகளுக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறோம். சந்திப்பு நாளன்று காலை 11 முதல் 1 மணி வரை லேப் திறந்திருக்கும், அட்டெண்டர் அண்ணன் இருப்பார். மாணவத் தம்பி தங்கைகளும் வரலாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தரை சிமென்ட், முட்டி வலிக்கும். மண்டியிட வசதியான உடுப்பில் வரவும்.